செத்தவியளுக்கு எதுக்கு மருந்து?

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது மருந்தின் அளவைத்தான். "சிஸ்டர், மூளைச்சாவு அடைஞ்சவருக்கு ஸ்டீராய்டு எவ்வளவு போடணும்? எத்தனை மணி நேரத்துக்கு முன்னால போடணும்?" அளவெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. என்னைவிட அது நன்றாகவே சொல்லும். கோவில்பட்டியில் முப்பத்திரண்டு வருடம் செவிலியராக இருந்தவள் நான். கடைசி ஒன்பது வருடம் உறுப்பு தான ஒருங்கிணைப்பு வேலையையும் சேர்த்துப் பார்த்தேன். அந்த மருந்தை ஏற்றிவிட்டு நான் வாயைத் திறந்த ஒரு காலைப்பொழுதைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். இப்போது நினைத்தாலும் என்னால் உட்கார முடிவதில்லை; எழுந்து நடந்துகொண்டே சொன்னால்தான் சரியாக வருகிறது.

அதற்கு முன்னால் ஒரு தோல்வியைச் சொல்லிவிட வேண்டும். ஒருங்கிணைப்பு வேலைக்கு வந்த புதிதில், கடம்பூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரின் குடும்பம் உறுப்பு தானத்துக்குச் சம்மதித்தது. நாங்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையெழுத்து வாங்கி, மதுரைக்குப் போன் பேசி, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம். மூளை போன பிறகு உடம்பு எவ்வளவு வேகமாகச் சரியும் என்பது எங்களுக்குப் புத்தகத்தில் தெரியும், கண்ணால் பார்த்ததில்லை. சர்ஜன்கள் வந்த வண்டி சாத்தூரைத் தாண்டும்போது பிரஷர் அதலபாதாளத்துக்குப் போயிற்று. அவர்கள் வாசலில் வந்து இறங்கியபோது இதயம் நின்று பத்து நிமிடம் ஆகியிருந்தது. பெரியவரின் மகன் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நாங்க குடுத்தது வீணாப்போச்சா சிஸ்டர்?" ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்தக் கேள்வி என்னை விரட்டிக்கொண்டே இருந்தது. அடுத்த வருடம் மதுரையில் நடந்த பயிற்சி வகுப்பில் ஒரு பேராசிரியர் ஸ்டீராய்டைப் பற்றிப் பேசினார். மூளை இறக்கும்போது அது சும்மா இறப்பதில்லை. உடம்பு முழுக்கத் தீ வைத்துவிட்டுத்தான் போகிறது. சிறுநீரகத்துக்குள் அழற்சி கனிந்துகொண்டே இருக்கும். அப்படியே எடுத்து இன்னொருவருக்கு வைத்தால் அது சில நாட்கள், சில நேரம் வாரக்கணக்கில், வேலை செய்யாமல் கிடக்கும். எடுப்பதற்கு முன்பே கொடையாளருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் அந்தத் தணல் அடங்கலாம், சரிகிற பிரஷருக்கும் அது ஒரு முட்டுக்கொடுக்கும் என்றார். நான் துள்ளிக் குதிக்காத குறை. கோவில்பட்டிக்குத் திரும்புகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாளிடம்கூடச் சொல்லிக்கொண்டு வந்தேன். பாவம், அவர் விருதுநகரிலேயே கண்ணை மூடிக்கொண்டார்.

பேராசிரியர் "அடங்கலாம்" என்றுதான் சொன்னார். நான் "அடங்கும்" என்று எடுத்துக்கொண்டு வந்தேன்.

அப்புறம் சில மாதம் கழித்து கருப்பசாமி வந்தார். எப்போதும்வென்றான் பக்கம் ஒரு ஊர். அறுப்பு மிஷின் ஓட்டுகிறவர், நாற்பத்து நான்கு வயது. மக்காச்சோள அறுப்பு முடித்து பைக்கில் திரும்பும்போது நாலுவழிச்சாலையில் விழுந்துவிட்டார். ஹெல்மெட் பெட்ரோல் டேங்கின் மேல் பத்திரமாக இருந்ததாம். இரண்டு நாள் எங்களால் ஆனதெல்லாம் செய்தோம். மூன்றாம் நாள் நான்கு டாக்டர்கள் கொண்ட குழு, சட்டப்படி ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு முறை சோதனை செய்து, மூளைச்சாவு என்று எழுதிக் கையெழுத்திட்டது.

அவருடைய மனைவி சண்முகத்தாய், தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிற வேலை பார்க்கிறவள். நான் உறுப்பு தானம் பற்றிச் சொன்னதை முழுக்கக் கேட்டாள். கொழுந்தனைப் பார்த்தாள், காலேஜில் படிக்கிற மகளைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "கண்ணு மட்டும் வேண்டாம் சிஸ்டர். அவிய முகம் அப்படியே இருக்கட்டும். மத்ததெல்லாம் எடுத்துக்கிடுங்க." கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்து போட்டு, பேனாவை மூடி என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

அப்போது காலை ஒன்பதரை மணி. கல்லீரலும் ஒரு சிறுநீரகமும் மதுரைக்கு, இன்னொரு சிறுநீரகம் திருநெல்வேலிக்கு என்று ஒதுக்கீடு வந்தது. சர்ஜன்கள் பிற்பகலில் வருவார்கள். அதுவரை அந்த உடம்பை நாங்கள் தாங்க வேண்டும்.

பிரிவின் பொறுப்பில் ஒரு மயக்கவியல் டாக்டர் இருந்தார். என் மகள் வயசுப் பெண். அதிர்ந்து பேச மாட்டார். அதனாலேயே நான் அவரைக் கொஞ்சம் குறைவாக எடை போட்டிருந்தேன். அவர் ஸ்டீராய்டு எழுதினார். நான் ஓடிப்போய் எடுத்து வந்தேன். பம்ப்பில் பொருத்தினேன். பிரஷர் எழுபதில் தடுமாறிக்கொண்டிருந்ததால் அதற்கான மருந்தின் வேகத்தையும் அதே நேரத்தில் டாக்டர் கூட்டினார். இருபது நிமிடத்தில் எண் மேலே ஏறத் தொடங்கியது. எண்பது, தொண்ணூறு, நூற்றிப் பத்து! ஏற்றியது எந்த மருந்து என்று யாருக்குத் தெரியும்? பிரஷர் மருந்தாகத்தான் இருக்கும். நானோ மாலையை ஸ்டீராய்டின் கழுத்தில் போட்டுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து மதுரையிலிருந்து ஒருங்கிணைப்பாளர் போனில் வந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே பேசினேன். சந்தோஷத்தில் குரலும் உயர்ந்துவிட்டது. "ஸ்டீராய்டு ஏத்தியாச்சு சார்! பிரஷர் அருமையா ஏறிட்டு. நீங்க கவலையே படாதீங்க, இனி எந்திரிச்சிரும்!"

எங்கள் பேச்சில் சிறுநீரகம் எந்திரிக்கும், தூங்கும், சண்டித்தனம் பண்ணும். உங்களுக்கு அது தெரியும். கட்டிலின் மறுபக்கம் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற சண்முகத்தாய்க்குத் தெரியாது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது.

"சிஸ்டர், அவிய எந்திரிச்சிருவாவளா?"

"இல்லம்மா, அது வந்து..."

"நீங்கதான இப்ப போன்ல சொன்னீய. மருந்து ஏத்துதீய. நம்பர் ஏறுது, நானும் பாத்துக்கிட்டுத்தான நிக்கேன். செத்தவியளுக்கு எதுக்கு மருந்து? உசுரு இருக்கப் போயித்தான மருந்து குடுக்கீய?"

சொல்லிக்கொண்டே அவள் வெளியே ஓடிவிட்டாள். வராந்தாவில் ஊரிலிருந்து வேனில் வந்தவர்கள் முப்பது பேராவது இருப்பார்கள். இரண்டே நிமிடத்தில் கொழுந்தன் முத்துராஜ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"எங்கள என்ன கேனயனுவன்னு நெனச்சீயளா? மயினி பாத்திருக்காவ, அண்ணனுக்கு ஏறுதாம்லா! உசுரோட இருக்க ஆள அறுக்கவா கையெழுத்து வாங்குனீய? அந்தப் பேப்பரக் குடுங்க. எங்களுக்குச் சம்மதம் இல்ல."

வெளியே ஒரு பெண் "உசுரு இருக்காம்!" என்று கூவியது கேட்டது. ஒருவர் யாரிடமோ போனில் ஆம்புலன்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார், மதுரைக்குக் கொண்டுபோக.

பிள்ளைகளே, அந்த நிமிடம் என் மூளை எப்படி வேலை செய்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். முதலில் வந்தது பொய்தான். "அது சும்மா சத்து ஊசி தம்பி, எல்லாருக்கும் போடுறதுதான்" என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் பத்து நிமிடம் அமைதி கிடைக்கும். அதற்குள் பெரியவர்கள் யாரையாவது பிடித்துச் சமாதானம் பேசலாம். இரண்டு சிறுநீரகம், ஒரு கல்லீரல், அங்கே ஊர்களில் மூன்று பேருக்குப் போன் போய்விட்டது, சாப்பிடாமல் கிளம்பி வந்துகொண்டிருப்பார்கள்... மனசு இப்படித்தான் கணக்குப் போட்டது.

சின்ன டாக்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். முத்துராஜைப் பார்த்து, "நீங்க சொன்னதைக் கேட்டுட்டோம் அண்ணாச்சி. உங்க சம்மதம் இல்லாம யாரும் எதையும் எடுக்க மாட்டாங்க. இது உறுதி" என்றார். பிறகு என்னிடம், "சிஸ்டர், ஸ்டீராய்டு பம்ப்பை நிறுத்துங்க."

எனக்குச் சுருக்கென்றது. "டாக்டர், இப்ப நிறுத்துனா கிட்னி..."

"பிரஷர் மருந்து ஓடட்டும். அதை அவங்க நிறுத்தச் சொல்லலை. இந்த மருந்து, கிட்னி வாங்கப்போற ஆளுக்காக ஏத்துறது. கொடுக்கலைன்னு சொன்ன பிறகு இது ஓடக்கூடாது. கிட்னி அவங்க வீட்டுடையது, நம்மளோடது இல்லை."

நிறுத்தினேன். பம்ப்பின் பச்சை விளக்கு அணைந்தபோது, அந்தக் கடம்பூர்ப் பெரியவரை இரண்டாவது முறையாகப் பறிகொடுத்தது போல இருந்தது. உள்ளுக்குள் அந்த டாக்டர் பெண்ணைத் திட்டித் தீர்த்தேன். மதுரைக்கு நானே போன் போட்டு, "குடும்பம் யோசிக்குது சார். கிளம்பாதீங்க, காத்திருங்க" என்றேன். அவர் பதறினார். எவ்வளவு நேரம் என்று கேட்டார். தெரியாது என்றேன். அது உண்மை.

அடுத்து டாக்டர் செய்ததுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். விளக்கம் சொல்ல அவர் போகவில்லை. "நீங்க சொன்ன வார்த்தை சிஸ்டர், நீங்கதான் திரும்ப எடுக்கணும். நான் கூட நிக்கிறேன்" என்றார்.

சண்முகத்தாயையும் முத்துராஜையும் ஆலோசனை அறையில் உட்கார வைத்து, எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாததால் தப்பிலிருந்தே ஆரம்பித்தேன்.

"தங்கச்சி, நான் 'எந்திரிச்சிரும்'னு சொன்னது அவியளச் சொல்லல. கிட்னியச் சொன்னேன். அத வாங்கப்போற ஆளுக்குள்ள போயி அது வேலை செய்யும்னு சொன்னேன். உங்கள வச்சுக்கிட்டு அப்படிப் பேசுனது என் தப்பு."

அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் என் கண் முன்னால் அணைந்தது. அதை அணைத்தவள் நான். இந்த வேலையில் என் கையால் நடந்தவற்றில் அதைவிடக் கொடுமையானது வேறில்லை.

"அப்ப நம்பர் ஏறுச்சே?"

"ஏறுச்சு. மருந்தாலயும் மிஷினாலயும் ஏறுச்சு. அதுக மூச்சு விட வைக்கும், ரத்தத்த ஓட வைக்கும். போன மூளையக் கொண்டுவர அதுகளால முடியாது. எங்களாலயும் முடியாது."

"மருந்து ஏத்தப் போறோம்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருக்கணும்."

முத்துராஜ் நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. "வாயால சொன்னா எப்படி? அண்ணனுக்கு உள்ளங்கால்ல விரலு பட்டாப் போதும், வீடே அதிர்ற மாதிரி துள்ளுவாவ. நான் தொட்டுப் பாக்கணும்."

டாக்டர் ஒரு கணம் யோசித்தார். இங்கேதான் கவனியுங்கள். நானாக இருந்தால், சோதனையெல்லாம் குழு செய்துவிட்டது, அதற்குக் கையெழுத்தும் இருக்கிறது, தொட வேண்டாம் என்று தடுத்திருப்பேன். ஏனென்றால் உள்ளங்காலைத் தொட்டால் என்ன ஆகலாம் என்று எனக்குத் தெரியும். டாக்டருக்கும் தெரியும். ஆனால் அவர் தடுக்கவில்லை.

"தொட்டுப் பாருங்க அண்ணாச்சி. ஆனா தொடுறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடுறேன். கால் லேசா அசையலாம். அது முதுகுத்தண்டுல இருந்து வர்றது. தலையில இருந்து வர்றது இல்லை. மூளை போனவங்களுக்கும் அப்படி அசையும். தலையில இருந்து வர்றதைப் பார்க்கணும்னா கண்ணைத்தான் பார்க்கணும். இமை மூடுதா இல்லையான்னு."

நால்வரும் கட்டிலுக்குப் போனோம். முத்துராஜ் போர்வையை விலக்கி, அண்ணனின் உள்ளங்காலில் நகத்தால் ஒரு கோடு இழுத்தார்.

பெருவிரல் அசைந்தது.

முத்துராஜ் கையைப் படக்கென்று எடுத்துக்கொண்டார். ஆனால் அவர் கத்தவில்லை! மெதுவாக டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க சொன்ன மாதிரிதான் அசையுது" என்றார், அழுகையும் ஏமாற்றமும் கலந்த குரலில்.

அன்று நான் கற்றுக்கொண்டது இதுதான். முன்னால் சொன்னால் அதற்குப் பெயர் விளக்கம். அதையே பின்னால் சொன்னால் சமாளிப்பு. ஒரே வாக்கியம்தான். ஒரு நிமிடம் முந்திச் சொன்னதால் அந்தப் பிரிவில் அன்றைக்கு அடிதடி நடக்காமல் போயிற்று. ஸ்டீராய்டைப் பற்றி நான் ஒன்பதரை மணிக்கே சொல்லியிருந்தால் இந்த ஒரு மணி நேரமே வந்திருக்காது.

பிறகு சண்முகத்தாய் கேட்டாள். "கண்ண நான் பாக்கட்டா?"

டாக்டர் சுத்தமான பஞ்சைத் திரிபோலத் திரித்து அவளிடம் கொடுத்து, எங்கே, எவ்வளவு மெதுவாகத் தொட வேண்டும் என்று காட்டினார்.

"மிஷின் ஓட்டிட்டு வந்தா கண்ணு பூராவும் தூசியா இருக்கும்" என்றாள் அவள், எங்களிடமா தனக்கேவா தெரியவில்லை. "ஊதி விடுன்னு வந்து நிப்பாவ. நான் கிட்ட போகுததுக்குள்ள இறுக்கி மூடிக்கிடுவாவ. ஒருநாளாவது திறந்து காட்டுனது கிடையாது."

இமையை இரண்டு விரலால் தூக்கி, பஞ்சு நுனியால் கருவிழியின் ஓரத்தைத் தொட்டாள். இன்னொரு முறை தொட்டாள். அடுத்த கண்ணுக்குப் போனாள்.

கண் மூடவில்லை.

பஞ்சை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். புடவைத் தலைப்பால் கணவரின் இரண்டு கண்ணோரத்தையும் ஒற்றினாள், தூசி எடுப்பது போலவே. கொழுந்தனிடம், "போயிட்டாவய்யா" என்றாள். அவ்வளவுதான். முத்துராஜ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள். "அந்த மருந்து, அது போட்டா வாங்குதவியளுக்கு நல்லதா?"

இந்த முறை நான் வாயை அடக்கினேன். "நல்லதுன்னு நினைக்கோம். நிச்சயமாச் சொல்ல முடியாது. ஆனா கெடுதல் பண்ணாது."

"அப்பப் போடுங்க. ஏன் நிறுத்துனீய? உளுந்து விதைக்குன்னு ஒருத்தர் வந்து கேட்டா, புடைச்சு, சொத்தையப் பொறுக்கிட்டுத்தான குடுப்போம்? குடுக்குததுன்னு ஆயிட்டுன்னா நல்லதாக் குடுக்கணும்லா."

பச்சை விளக்கு மறுபடி எரிந்தது. புறப்படலாம் என்று மதுரைக்குச் சொன்னேன். மணி பதினொன்றே முக்கால். ஒரு மணி நேரம் போயிருந்தது. அந்த ஒரு மணி நேரத்துக்காக உள்ளுக்குள் யாரைத் திட்டினேனோ, அவர் எந்தச் சலனமும் இல்லாமல் அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

அப்புறம் நடந்தது ஓட்டம்! பன்னிரண்டரைக்குச் சிறுநீர் வெள்ளமாகக் கொட்டத் தொடங்கியது. மூளை போனவர்களுக்கு அப்படி ஆகும். நீரைப் பிடித்து வைக்கிற கட்டளையை அனுப்ப ஆள் இல்லை. பை நிரம்ப, ஊற்ற, மறுபடி நிரம்ப. நாங்கள் உள்ளே நீர் ஏற்ற, வெளியே போகிற நீருக்கு மருந்து கொடுக்க, பிரஷர் மறுபடி கீழே! நூறு, எண்பத்தைந்து, எழுபத்திரண்டு. ஸ்டீராய்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது பாட்டுக்கு ஓடியது, பிரஷர் பாட்டுக்கு இறங்கியது. அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது, ஒரு மருந்தை நம்பி நான் எவ்வளவு ஆடியிருக்கிறேன் என்று. அன்று அந்த உடம்பைத் தாங்கியது பத்து சின்ன வேலைகள். ஒருத்தி அரை மணிக்கு ஒருமுறை சோடியம் அளவைக் கூவினாள். ஒருத்தி வெந்நீர்ப் பையும் போர்வையும் மாற்றி மாற்றி வைத்தாள். நான் ஒவ்வொரு மில்லியாக நீரின் வரவும் செலவும் எழுதினேன். டாக்டர் கட்டிலை விட்டு ஒரு அடி நகரவில்லை. ஒன்றரை மணிக்கு அவர் ஒரு தோசைகூடத் தின்னாமல் நின்றதைப் பார்த்து, அவர் வாயில் நானே ஒரு பிஸ்கட்டை ஊட்டினேன். மென்றுகொண்டே, "சிஸ்டர், தொண்ணூத்தெட்டு!" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டே முக்காலுக்குச் சர்ஜன்கள் வந்தார்கள். பிரஷர் நூற்றிப் பன்னிரண்டு. அறுவை அரங்கின் வாசல்வரை சண்முகத்தாய் கட்டிலைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். உள்ளே எல்லோரும் ஒரு நிமிடம் தலை குனிந்து நின்றோம், கருப்பசாமியின் பெயரைச் சொல்லி. மாலை ஆறு மணிக்குள் இரண்டு ஆம்புலன்ஸ்கள் வாசலிலிருந்து கிளம்பின. ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே. இரண்டின் சைரனும் வேறு வேறு பக்கம் தேய்ந்து மறையும்வரை நான் ரோட்டிலேயே நின்றேன்.

மறுநாள் மதுரையிலிருந்து போன் வந்தது. ரத்தக்குழாயை இணைத்த சில நிமிடங்களில் சிறுநீர் வந்துவிட்டதாம், ஆபரேஷன் மேஜையிலேயே! நான் வார்டில் ஒரு சுற்று ஓடினேன். திருநெல்வேலிக்கு நானே போன் போட்டேன். அங்கே ஒரு சொட்டு இல்லை.

ஒரே மனிதர். ஒரே மருந்து. இரண்டு சிறுநீரகமும் ஒரே நாள் ஒரே உடம்பிலிருந்து எடுத்தவை. ஒன்று உடனே வேலை செய்கிறது, இன்னொன்று மல்லாந்து கிடக்கிறது. வாங்கியவருக்கு மறுபடி டயாலிசிஸ் வைக்கிறார்கள். பின்னால் சின்ன டாக்டர் எனக்கு விளக்கினார். கொடையாளர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஸ்டீராய்டு கொடுத்து, ஒரு பாதிக்குக் கொடுக்காமல் முறையாக ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். சிறுநீரகத்தின் அழற்சி அடங்குவது உண்மைதானாம். ஆனால் அதனால் அது சீக்கிரம் வேலை செய்யத் தொடங்குகிறதா என்றால், நாம் ஆசைப்பட்ட அளவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பிரஷரைத் தாங்க அது உதவுகிற இடமும் உண்டு, அதற்காகத்தான் இப்போதும் எழுதுகிறார்கள். "நம்பிக்கை வேற, நிரூபணம் வேற சிஸ்டர்" என்றார். ஐம்பத்தோரு வயதில் நான் கற்ற பாடம். உங்களுக்கு இருபத்து நான்கில் இலவசமாகத் தருகிறேன்.

ஆனால் அன்றைக்கு எனக்கு வேறொரு சிக்கல். சண்முகத்தாய் போனில் கேட்டாள். "ரெண்டும் பிடிச்சிட்டா சிஸ்டர்?"

வாங்கியவர் யார், எந்த ஊர் என்று சொல்லக் கூடாது. வேலை செய்கிறதா என்று சொல்லலாம். பொய் மறுபடியும் நாக்கு நுனிக்கு வந்தது, எவ்வளவு சுலபமான பொய்! கேட்டு நிம்மதியாகத் தூங்குவாள். நான் சொன்னேன்: "ஒண்ணு வேலை செய்யுது தங்கச்சி. இன்னொண்ணு இன்னும் தொடங்கல. தொடங்கும்னு டாக்டருமாரு சொல்லுதாங்க. எப்பன்னு தெரியல."

"சரி. தினமும் கேப்பேன். உள்ளதச் சொல்லுங்க" என்றாள்.

தினமும் கேட்டாள். காலை எட்டு மணிக்குப் போன் அடிக்கும். "என்ன சிஸ்டர், ரெண்டாவது?" "இல்லம்மா." "சரி." நான்காம் நாள் இல்லை. ஏழாம் நாள் இல்லை. பத்தாம் நாள் அந்தச் சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். உடம்பு அதை நிராகரிக்கவில்லை, காயம்தான், ஆறும் என்றார்கள். அதையும் அப்படியே சொன்னேன். பதினாறாம் நாள் காரியம் நடந்தபோதும், அத்தனை சொந்தத்துக்கு நடுவே, போன் வந்தது. "ரெண்டாவது?" "நேத்து நூறு மில்லி வந்திருக்காம். காப்பித் தம்ளர் அளவுகூட இல்ல." "வந்துட்டுல்லா? வரட்டும்."

பத்தொன்பதாம் நாள் காலை அவள் போன் வரவில்லை. முந்தின நாள்தான் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். பதினொரு மணிக்குத் திருநெல்வேலி ஒருங்கிணைப்பாளர் என்னைக் கூப்பிட்டார். அவர் குரலே சொல்லிவிட்டது. முந்தின நாளிலிருந்து இரண்டரை லிட்டர்! டயாலிசிஸ் நிறுத்திவிட்டார்கள்!

சண்முகத்தாய்க்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். தீப்பெட்டி ஆபீசுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, வாசலில் வைத்துவிட வேண்டும் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. சாயங்காலம்வரை என்னால் பொறுக்க முடியுமா? டாக்டரிடம் ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும், அதிர்ந்தே பேசாத அந்தப் பெண் மேஜையில் ஒரு அடி அடித்தார். "போயிட்டு வாங்க சிஸ்டர், நான் பாத்துக்கிறேன்!" சீருடையோடு ஸ்கூட்டரை எடுத்தேன்.

வாட்ச்மேன் அண்ணாச்சி என்னைப் பார்த்துப் பயந்துபோய் உள்ளே ஆள் அனுப்பினார். சண்முகத்தாய் முற்றத்தைத் தாண்டி வந்தாள். வெள்ளைச் சீருடையைக் கண்டதும் பாதியில் நின்றுவிட்டாள். முகம் வெளிறிவிட்டது. சிஸ்டரே நேரில் வந்திருக்கிறாள் என்றால் கெட்ட சேதி என்று நினைத்திருக்க வேண்டும். அந்த நினைப்போடு அவளை ஒரு நொடிகூட நிற்கவிட எனக்கு மனசில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடியே, என் பலம் கொண்டமட்டும் கத்தினேன்:

"ஒண்ணுக்கு வந்துட்டு!"

வாட்ச்மேன் அண்ணாச்சி பதறி எழுந்தார். "லேடீஸ் பாத்ரூம் உள்ள வலது பக்கம் இருக்கும்மா, போயிட்டு வாங்க, இங்கன நின்னு சத்தம் போடாதிய!"

சண்முகத்தாய் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். இடுப்பில் கை வைத்துக் குனிந்து, மூச்சு வாங்க, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். நானும் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன்.

"எவ்வளவு சிஸ்டர்?"

"ரெண்டரை லிட்டரு!"

அவள் திரும்பி உள்ளே ஓடினாள். என்ன சொன்னாளோ தெரியாது. சற்று நேரத்தில் தீப்பெட்டி ஆபீசுக்குள் இருந்த பெண்கள் அத்தனை பேரும் கைதட்டுகிற சத்தம், நான் ஸ்கூட்டரைக் கிளப்பிய பிறகும், ரோடு முழுக்கக் கேட்டது.